பழைய பாத்திரத்தை கேஸ் அடுப்பில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் நிறைந்த முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பழைய பித்தளை அடுக்கு, உருளி, கல்சட்டி என்று வாங்கி வருகிறவர்கள் உண்டு. அலமாரியில் அழகுக்கு இருக்கும்வரை அவற்றால் வம்பில்லை. சமைக்க ஆசைப்பட்டு அடுப்பில் ஏற்றியதும்தான் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ரெகுலேட்டரை மூடு, டியூபில் வெடிப்பு இருக்கிறதா பார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அவற்றை விட்டுவிடுவோம்.

ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமையாகக் காயவைப்பது

பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருவதும் இதைப் பார்த்துத்தான்.

பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாக மின்னுவது வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீரோ குழம்போ கொதித்துக்கொண்டிருந்தால் உட்பக்கச் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும்; பூச்சுக்கு ஆபத்தில்லை. வெறும் பாத்திரத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. விறகடுப்பிலும் ஈயம் உருகத்தான் செய்யும். ஆனால் அங்கே தீ பிடித்து எழவே நேரமாகும். அதற்குள் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். கேஸில் குமிழைத் திருப்பிய நொடியே முழுத் தீ.

பெரும்பாலும் தாளிப்பில்தான் கோட்டை விடுகிறார்கள். செட்டிநாட்டுக் குழம்பு என்றாலே சட்டி காய, எண்ணெய் காய, பட்டை, சோம்பு, கல்பாசி பொரிய வேண்டும். அதை அப்படியே ஈயம் பூசிய அடுக்கில் செய்தால், எண்ணெய் புகையத் தொடங்கும்போது பூச்சும் உருகும் எல்லைக்கு வந்திருக்கும். ஈயம் மணிமணியாகத் திரண்டு, இடையிடையே மஞ்சள் பித்தளை தெரிந்தால் காரியம் கெட்டுவிட்டது. அதன் மேல் புளிக்குழம்போ தயிர் சேர்ந்த எதுவோ வைத்தால் பித்தளையில் உள்ள செம்பு கரைந்து இறங்கும். ஊறவிட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும். வயிற்றைப் புரட்டும்.

செய்ய வேண்டியது எளிது. தாளிப்பு முழுவதையும் இரும்புக் கரண்டியிலோ இரும்புச் சட்டியிலோ முடியுங்கள். பித்தளையில் முதலில் தண்ணீரோ புளிக்கரைசலோ ஊற்றி, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். குழம்பு நிற்கும் மட்டத்துக்கு மேலே தீ நாக்கு ஏறக் கூடாது. அங்கே பாத்திரச் சுவர் காய்ந்துதான் இருக்கும். அடியிலிருந்து வெளியே நீளாத அளவுக்குத் தீயைக் குறையுங்கள். கழுவும்போது கம்பி நார் கூடாது.

பூச்சு போய்விட்டால் மறுபடி ஈயம் பூசும்வரை அதில் சமைக்காதீர்கள். பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டே கொடுங்கள். காரீயம் கலந்தால் அது விஷம். விற்கிறவர் “எல்லா அடுப்புக்கும் ஆகும்” என்பார். அடுப்புக்கு ஆகும், பூச்சுக்கு ஆகாது.

பணியாரக் கல்லைச் சின்ன பர்னரில் வைப்பது

ஏழு குழி வார்ப்பிரும்புக் கல்லைச் சின்ன பர்னரில் வைத்து முழுத் தீ எரித்தால் நடுக்குழி கருகும், ஓரக் குழிகளில் மாவு வேகாது. பெரிய பர்னரில் சிறு தீயாக வையுங்கள். தீ வளையம் அகலமாக இருப்பதால் சூடு பரவும். ஐந்து நிமிடம் கல் காயட்டும். ஓரக் குழிகளில் முதலில் மாவு ஊற்றுங்கள், நடுவில் கடைசியாக. எடுக்கும்போது நடுவில் உள்ளதை முதலில். இடையில் ஒருமுறை கல்லைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் போதும்.

வெள்ளைப் பணியாரத்துக்கு இந்தக் கல் வேண்டாம், குழிந்த இரும்புச் சட்டிதான். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். சிவந்துவிட்டால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதுதான்.

கண்ணாடி அடுப்பில் அகலப் பாத்திரம்

பெரிய உருளி இரண்டு பர்னரையும் மூடினால் சூடு அடியிலேயே சிக்கிக்கொண்டு கண்ணாடியைத் தாக்கும். வெடிக்கலாம். விருந்துச் சமையலைத் தனி அடுப்புக்கு மாற்றுங்கள்.

கல்சட்டியும் மண்சட்டியும்

சிம்மில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். இறக்கிய சூட்டோடு ஈரத் திண்ணையில் வைத்தால் விரிசல் விடும், அடியில் பிரிமணை (வைக்கோல் அல்லது கயிற்று வளையம்) போடுங்கள். கல்சட்டி அணைத்த பிறகும் கொதிக்கும், குழம்பு சற்று நீர்க்க இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடலாம்.

உருண்டை அடிப் பாத்திரம்

ஆடினால் அடுப்பின் மேல் இரும்பு வளையம் போடுங்கள்.

உதிர்ந்த எனாமல்

சமைக்க வேண்டாம்.

ஜெட்டில் ஊசி விடுவது

தீ மஞ்சளாகி அடியில் கரி பிடித்தால் பாத்திரத்தைக் குறை சொல்லாதீர்கள், காற்று போதவில்லை. முதலில் பர்னர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு மூடியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, முழுக்க உலர்த்திப் போடுங்கள். ஊசி அங்கே மட்டும்தான். உள்ளே கேஸ் வெளிவரும் சிறு துளையுள்ள பித்தளை ஜெட்டில் ஊசியை விட்டுத் திருகினால் துளை பெரிதாகி, காற்றை மீறி கேஸ் வரும், கரி இன்னும் கூடும். பெரிதான துளையைச் சரிசெய்ய வழியில்லை, ஜெட்டையே மாற்ற வேண்டும். பெரிய பர்னருக்கும் சின்னதற்கும் ஜெட் அளவு வேறு. இடம் மாற்றிப் பொருத்திவிடாதீர்கள்.