அரேயா, ஒப்ஜெக்டா? 138ஆம் இலக்க பஸ்ஸை வைத்துப் பார்ப்போம்

ஜாவாஸ்கிரிப்டில் டேட்டாவைச் சேமிக்க முதல் ஒன்றை மட்டும் முடிவு பண்ணுங்கள்: வைத்ததை அப்புறம் எப்படி எடுக்கப் போகிறீர்கள்? வரிசையாக ஓட்டிப் பார்ப்பதென்றால் அரே, பெயரைச் சொல்லி ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் ஒப்ஜெக்ட்.

கொழும்புக் கோட்டையிலிருந்து கல்கிசைக்குப் போகும் கோச்சிப் பாதையை எடுங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்ற அந்த ஒழுங்குதான் இங்கே தகவலே, பம்பலப்பிட்டிக்கு அடுத்தது எது என்று தெரிய இன்டெக்ஸில் (பூச்சியத்திலிருந்து எண்ணும் இட இலக்கத்தில்) ஒன்று கூட்டினால் சரி. ஆகவே அரே. ஆனால் வெள்ளவத்தை என்ற ஒரு ஸ்டேஷனின் பெயர், போன் நம்பர், தபால் குறியீடு எல்லாம் ஒப்ஜெக்டுக்குள் போக வேண்டியவை. அதையும் அரேயில் போட்டு, பூச்சியத்தில் பெயர், ஒன்றில் போன் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தால், நடுவில் யாராவது புதிதாக ஒன்றைச் செருகிய அன்றைக்கு எல்லாம் குழம்பும். தபால் குறியீட்டை மேற்கோள் குறிக்குள்ளேயே எழுதுங்கள், 00600 என்று வெறும் எண்ணாக எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை எட்டின் அடிமானத்தில் வாசித்து 384 ஆக்கிவிடும், விதிகளைக் கறாராகப் பார்க்கும் ஸ்ட்ரிக்ட் மோட் என்றால் பிழை காட்டும்.

சிக்கல் வருவது பஸ் இலக்கத்தில்தான். இலக்கம்தானே என்று 138ஐ இன்டெக்ஸாக வைத்து ஒரு வெற்று அரேயில் போட்டால் அதன் லெங்த் 139 ஆகிவிடும், முன்னுக்கு 138 இடம் காலி. (பின்னேரம் புறக்கோட்டையில் 138இல் ஏறியவர்கள் சிரிப்பார்கள்.) அதை ஜேசனாக (டேட்டாவை அனுப்புகிற எழுத்து வடிவமாக) மாற்றி அனுப்பினால் 138 தடவை நல், நல் (ஒன்றுமில்லை) என்று போகும்.

சரி, இலக்கத்தைக் கீயாக, அதாவது தேடி எடுக்கிற பெயராக வைத்து ஒப்ஜெக்டில் போடுவோம். எடுப்பது சுலபம்தான், ஆனால் உங்கள் ஆப்பில் ஒருவர் தனக்கு வேண்டிய பஸ்களை 177, 100, 138 என்ற ஒழுங்கில் சேர்த்திருக்கிறார் என்று வையுங்கள், கீகளைப் பட்டியலிடும் ஒப்ஜெக்ட்.கீஸ் போட்டால் 100, 138, 177 என்றுதான் வரும். முழு எண் போல இருக்கிற கீகளை ஜாவாஸ்கிரிப்ட் முதலில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டு, மற்றக் கீகளைச் சேர்த்த ஒழுங்கில் பின்னால் விடும். 138/2 போல கோடு போட்ட இலக்கத்தை நீங்கள் முதலாவதாகச் சேர்த்திருந்தாலும் அது கடைசியில்தான் நிற்கும். இது பக் இல்லை, மொழியின் விதியே அதுதான். டெஸ்டிலும் லேசில் பிடிபடாது, டெஸ்ட் எழுதுகிறவர் எப்படியும் 100, 138, 177 என்று ஏறுவரிசையில்தான் எழுதுவார்.

இந்த இடத்தில் நான் மேப்தான் போடுவேன், அதுவும் கீயையும் அதற்குரியதையும் சோடியாக வைப்பதுதான். 2015இல் மொழிக்குள் வந்தது, சேர்த்த ஒழுங்கை மாற்றாது, எத்தனை இருக்கிறது என்று சைஸைக் கேட்டால் உடனே சொல்லும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். 138 என்ற எண்ணும் "138" என்ற ஸ்ட்ரிங்கும் (மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வைத்தது) மேப்புக்கு வேறு வேறு கீ, யூஆர்எல்லில் இருந்து வருவது எப்போதும் ஸ்ட்ரிங், ஆகவே எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காகவே வையுங்கள். மற்றது, மேப்பை நேராக ஜேசன் ஆக்கினால் வெற்று ஒப்ஜெக்ட்தான் கிடைக்கும், முதலில் அரே.ஃப்ரம் போட்டு அரேயாக்கி அனுப்ப வேண்டும்.

சர்வரிலிருந்து பெரும்பாலும் ஒப்ஜெக்டுகள் அடங்கிய அரேதான் வரும். அதை அப்படியே விடுங்கள். இருபது முப்பது வரி என்றால் ஒவ்வொன்றாகத் தேடும் ஃபைண்ட் போதும், வேகத்தைப் பற்றி மண்டையை உடைக்கத் தேவையில்லை. லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) ஃபைண்ட் வைத்திருந்தால்தான் யோசியுங்கள், ஆயிரம் டிக்கெட்டுக்கும் ஆயிரம் ஹோல்ட்டில் தேடினால் பத்து லட்சம் ஒப்பீடு வரை போகலாம். லூப்புக்கு வெளியே ஒரு தடவை மேப் கட்டிவிட்டால் ஒவ்வொன்றையும் நேராக எடுக்கலாம்.

வந்தது எது என்று பார்க்க டைப்ஆஃப் போட வேண்டாம், அரேக்கும் அது ஒப்ஜெக்ட் என்றே சொல்லும். அரே.இஸ்அரே போடுங்கள். அரேயிலிருந்து ஒன்றைத் தூக்கவும் டிலீட் வேண்டாம், அது ஓட்டையை விட்டுவிட்டுப் போகும். இடத்தோடு எடுத்துவிடும் ஸ்ப்ளைஸ், அல்லது வேண்டியதை மட்டும் புது அரேயாகத் தரும் ஃபில்டர் போடுங்கள்.