சாவியை எடுத்தும் நிற்காத பென்ஸ்: பழைய காரை வீட்டிலேயே திருத்தும் வழி

அப்பா 2009இல், சண்டை முடிந்த வருடம், கொழும்புக்குப் போய் ஒரு பழைய பென்ஸ் 240டி டீசல் கார் வாங்கி வந்தார். 1983இல் செய்த கார். மட்டக்களப்பு வாவிக்கு மேலால் மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு, அக்கரையில் உள்ள படுவான்கரை வயலுக்கு விதைநெல் மூட்டையை டிக்கியில் ஏற்றிக்கொண்டு அதில்தான் போய்வந்தார். அவர் போன பிறகு கார் என் கைக்கு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். மெக்கானிக் வேலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்லடி வீட்டு வேப்ப மரத்தடியில் பாயை விரித்துப் படுத்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பூட்டிப் பழகியதுதான்.

240டி சேர்ந்த இந்த 123 வகை பென்ஸ் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1976இல் வெளிவந்து பத்து வருடத்தில் ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்ட வகை இது. என் 240டியில் எஞ்சினை நடத்தக் கம்ப்யூட்டர் இல்லை. கண்ணாலும் கையாலும் தேடிப் பிடிக்க முடியாத பழுது இதில் குறைவு.

முதலில் என்னைப் படுத்திய பழுது. ஒருநாள் மாமாங்கக் கோயிலடியில் காரை நிறுத்திச் சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டேன். சாவி கையில் இருக்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு அண்ணன் ஓடி வந்து, "தங்கச்சி, பிறேக்கை நல்லா அமத்திக்கொண்டு நாலாம் கியரைப் போட்டுக் கிளச்சை விடுங்க" என்றார். குலுங்கி நின்றது.

அதைவிட நல்ல வழி காரிலேயே இருக்கிறது. பொனட்டைத் திறந்தால் எஞ்சினோடு ஸ்டொப் என்று எழுதிய சின்ன நெம்பு ஒன்று தெரியும். அதை அமர்த்திப் பிடித்தால் எஞ்சின் நிற்கும். கார் ஓட்டுகிற எல்லோருக்கும் அதைக் காட்டி வையுங்கள்.

ஏன் நிற்கவில்லை? பெற்றோல் கார் என்றால் சாவியைத் திருப்பியதும் பிளக்குக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும், எஞ்சினும் நிற்கும். டீசலில் அந்தத் தீப்பொறியே கிடையாது. டீசல் போவதை நிறுத்தினால்தான் எஞ்சின் நிற்கும். பென்ஸ்காரர் அதை வெக்கியூமால் செய்து வைத்திருக்கிறார்கள். எஞ்சினோடு சுழலும் ஒரு பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதில் பெரிய குழாய் பிறேக்குக்குப் போகிறது. அதிலிருந்து பிரியும் மெல்லிய குழாய்களில் ஒன்று சாவி பூட்டுக்கும், அங்கிருந்து டீசல் பம்பின் பின்னால் உள்ள வட்டமான வால்வுக்கும் போகிறது. சாவியைத் திருப்பி நிறுத்தும்போது அந்த உறிஞ்சல் வால்வை இழுத்து டீசலை மறிக்கும். இன்னொன்று நாலு கதவு, டிக்கி, டீசல் மூடி ஆகியவற்றின் பூட்டுகளுக்குப் போகிறது. எல்லாம் ஒரே பம்பின் உழைப்பு. ஒரு கதவில் ஓட்டை விழுந்தாலும் எஞ்சினை நிறுத்த வேண்டிய உறிஞ்சல் அந்த வழியே போய்விடும்.

இது தெரியாமல் காசைக் கொட்டினேன். ஒரு கராஜில் டீசல் பம்பையே இறக்க வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் அந்த வட்ட வால்வை மாற்றினார்கள். காசு போனது, எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. கதவுகளை ஒருவரும் பார்க்கவில்லை.

இதைத் தேடிப் பிடிக்க விலைகூடிய கருவி தேவையில்லை. பாமசியில் 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று, மீன்தொட்டிக்குப் பூட்டும் மெல்லிய குழாய் ஒரு முழம், குழாயை அடைக்க ஒரு சின்ன போல்ட். அவ்வளவுதான்.

டீசல் பம்பின் வால்வில் மண்ணிற மெல்லிய குழாய் பூட்டியிருக்கும். அதைக் கழற்றி நுனியைப் பாருங்கள். ஒயில் கசிந்திருந்தால் வால்வுக்குள் உள்ள றப்பர் சவ்வு கிழிந்துவிட்டது, வால்வைத்தான் மாற்ற வேண்டும். காய்ந்திருந்தால் சிரிஞ்சை வால்வில் பூட்டி இழுத்துப் பிடியுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் கையில் அதே இழுவை இருந்தால் வால்வு நல்லது. என் வால்வு நல்லதாகவே இருந்தது, புதிதாக மாற்றியதுதானே.

அடுத்தது பூட்டுகளுக்குப் போகும் மஞ்சள் குழாய். பிறேக்குக்குப் போகும் பெரிய குழாயிலிருந்து அது பிரியும் இடத்தில் கழற்றி, திறந்த வாயைப் போல்ட்டால் அடையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்புங்கள். நான் திருப்பினேன். டக்கென்று நின்றது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் வேப்ப மரத்துக் காகம் கத்துவது கேட்டது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

சரி, எந்தக் கதவு? சாரதி பக்கக் கதவைத் தவிர மற்ற ஒவ்வொரு கதவுக்குள்ளும் பூட்டை அசைக்கும் ஒரு வட்டப் பெட்டி இருக்கிறது. அதற்கு இரண்டு குழாய்கள், ஒன்றில் சிவப்புக் கோடு, மற்றதில் பச்சைக் கோடு. ஒன்று பூட்ட, ஒன்று திறக்க. அதனால் சில ஓட்டைகள் கதவு பூட்டிய நிலையில் மட்டும் கசியும், சில திறந்த நிலையில் மட்டும். இரண்டு பக்கமும் பார்க்காமல் "இந்தக் கதவு நல்லது" என்று சொல்லக்கூடாது. நான் முதல் நாள் அப்படிச் சொல்லித்தான் பின் இடது கதவைத் தாண்டிப் போனேன். இரண்டாம் நாள் திரும்பி வந்தால் ஓட்டை அங்கேதான்.

கதவின் உள்பலகையைக் கழற்றக் கைபிடியின் ஸ்குறூக்களையும் கண்ணாடி சுற்றும் பிடியையும் எடுத்துவிட்டுப் பலகையை மேல்நோக்கித் தூக்க வேண்டும். வெளியே இழுத்தால் கிளிப்புகள் உடையும். உள்ளே பொலித்தீன் ஒட்டியிருக்கும், கிழிக்காமல் பக்குவமாக உரியுங்கள். திரும்ப ஒட்டாமல் விட்டால் மாரி மழையில் தண்ணீர் உள்ளே வந்து பலகை ஊதிவிடும். பிறகு சிரிஞ்சைப் பெட்டியில் பூட்டி இழுங்கள். பூட்டுத் தண்டு அசையும். அசைந்து முடிந்த பிறகும் மெதுவாக இழுவை விட்டுப் போனால் காதை அருகில் வையுங்கள், "ஸ்ஸ்" என்று கேட்கும். என் காரில் சவ்வின் மடிப்பில் மயிரிழை அளவு வெடிப்பு.

புதுப் பெட்டி வரும்வரை அந்தக் கதவுக்குப் போகும் இரண்டு குழாய்களையும் அடைத்துவிட்டு அதைக் கையால் பூட்டினேன். மற்ற மூன்று கதவும் ஒழுங்காக வேலை செய்தன. குழாய்கள் சேரும் இடத்தில் உள்ள றப்பர் மூட்டுகளையும் நெரித்துப் பாருங்கள். நம் வெயிலில் அவை காய்ந்து பிஸ்கற் மாதிரி உடையும். கதவு நல்லதாக இருந்து மூட்டில் கசிவதும் உண்டு.

இந்த வேலையை ஒத்திப்போட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் பிறேக். அதுவும் இதே வெக்கியூமில்தான் இலகுவாகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பிறேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள், மிதி இறுகிவிடும். அமர்த்திப் பிடித்தபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காரை வெளியே எடுக்கவே கூடாது.

இனிக் கல்லடிக்காரருக்கென்று ஒரு விஷயம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வீடு. உப்புக்காற்று எதையும் விடுவதில்லை. இந்தக் காரின் பியூஸ்கள் இப்போதைய தட்டைப் பியூஸ் இல்லை. இரண்டு முனையும் கூம்பான பழைய வகை, மேலே மெல்லிய உலோகத் தகடு ஓடும். முனையில் வெள்ளைப் பூச்சாக உப்பு படியும். பியூஸ் எரிந்திருக்காது, ஆனால் வைப்பர் நிற்கும், ஹோர்ன் அடிக்காது. பெட்டி மூடியைத் திறந்து ஒவ்வொரு பியூஸையும் விரலால் இரண்டு சுற்றுச் சுழற்றினால் பாதிப் பழுது தீரும். பற்றரி வயரைக் கழற்றிவிட்டுப் பிடிக்கும் நாக்குகளை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, அலுமினியத் தகடுள்ள பியூஸ்களை எடுத்துவிட்டுச் செம்புத் தகடு உள்ளவற்றைப் போடுங்கள். வெள்ளை 8 அம்பியர், சிவப்பு 16. நிறத்தை மாற்றிப் போடவே வேண்டாம்.

நான் செய்த ஒரே பெரிய மேம்பாடு முன்விளக்குக்கு. புணானைப் பக்கம் இரவில் யானை ரோட்டில் நிற்கும். பழைய விளக்கில் கிட்டப் போன பிறகுதான் தெரியும். மல்டிமீற்றரால் அளந்தேன். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ட், பல்பில் 11.9. மிச்சம் எல்லாம் பழைய வயரிலும் சுவிச்சிலும் வீணாகிறது. பற்றரியிலிருந்து தடித்த வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ், டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிச். பழைய வயரைப் பல்பிலிருந்து எடுத்து ரிலேயைத் தூண்டக் கொடுத்துவிட்டேன். இப்போது பல்பில் 13.4. பல்பு அதே பழைய பல்புதான். 100 வாட் பல்பு போடச் சொல்லிக் கடையில் கேட்டார்கள், நான் வாங்கவில்லை. அந்தச் சூட்டுக்கு உள்ளே இருக்கும் கண்ணாடிப் பூச்சும் ஹோல்டரும் தாங்காது.

காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் உடனே குளோ பிளக்கை, அதாவது ஸ்டார்ட் பண்ண முன் எஞ்சினுக்குள் சூடாக்கும் பிளக்கை, மாற்றச் சொல்வார்கள். நம் ஊர்ச் சூட்டிலும் இந்த எஞ்சினுக்குக் குளோ பிளக் தேவை, அது சரி. ஆனால் முதலில் எஞ்சினுக்குள் உள்ள வால்வுகளின் இடைவெளியைப் பாருங்கள். இந்த எஞ்சினில் அது தானாகச் சரியாகாது, கையால்தான் வைக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, விடியற்காலையில் செய்யுங்கள். காற்று உள்ளே வரும் உள்வால்வுக்கு 0.10 மில்லிமீற்றர், புகை வெளியே போகும் வெளிவால்வுக்கு 0.30. மொத்தம் எட்டு வால்வு. மேல்மூடியைக் கழற்றி, முன்னால் உள்ள கிராங் போல்ட்டில் 27 சொக்கெட்டைப் போட்டு வலஞ்சுழியாக மட்டும் சுழற்றுங்கள், பின்னோக்கி வேண்டாம். வால்வை அமர்த்தும் கேமின் மூக்கு நெம்பை விட்டு விலகி நிற்கும்போது அந்த வால்வை அளக்கலாம். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி. இடிந்து நின்றால் வால்வு இறுகிவிட்டது.

இதற்கு வளைந்த 14 ஸ்பனர் இரண்டு வேண்டும். கடையில் கிடைக்கவில்லை. காத்தான்குடியில் லேத் வைத்திருக்கும் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) மலிவான ஸ்பனர் இரண்டைக் கொடுத்தேன். "என்னத்துக்கு தங்கச்சி வளைக்கிற?" என்று கேட்டார். காரைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைக் கழற்றிப் பார்த்து, அளந்து, சூடாக்கி வளைத்துத் தந்தார். ஏழு வருடமாக அதே ஸ்பனர்கள்தான். என் எட்டு வால்வில் ஐந்து இறுகியிருந்தன. சரி பண்ணிய மறுநாள் காலை ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது.

டீசல் பில்டர் இரண்டு இருக்கிறது. சின்னது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக், அதற்குள் கறுப்பு அடைந்தால் மாற்றுங்கள். பெரியதை மாற்றும்போது புதிய பில்டருக்குள் டீசலை நிரப்பிவிட்டுப் பூட்டுங்கள். பிறகு டீசல் பம்பின் பக்கத்தில் உள்ள கைப்பம்பின் குமிழைக் கழற்றி, இறுகும்வரை அடித்துக் காற்றை வெளியேற்றித் திரும்ப இறுக்குங்கள். இன்ஜெக்டர்களுக்கு இடையில் ஓடும் மெல்லிய துணிச்சுற்று ஹோஸ்களையும் அன்றே மாற்றலாம். ஒரு மீற்றர் போதும், விலை ஒன்றுமில்லை. டீசல் மணம் காருக்குள் வந்தால் பெரும்பாலும் அவைதான்.

ஐப்பசி பிறக்க முன் தண்ணீர் வடியும் துளைகளைப் பார்க்க வேண்டும். முன் கண்ணாடியின் கீழ், வைப்பர் அடியில் வேப்பிலையும் பூவும் சேர்ந்து மண்ணாகவே ஆகியிருக்கும். கையால் அள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கீழே ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால் அந்தத் தண்ணீர் கால்மிதிக் கம்பளத்துக்கு வரும், அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பற்றரித் தட்டு, காரைத் தூக்கும் ஜக்கை வைக்கும் இடம், முன்விளக்குக்குப் பின்பக்கம் ஆகிய மூன்றையும் ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள். தகடு அமிழ்ந்தால் வெல்டிங் காரரிடம் போக வேண்டியதுதான். ஜக் வைக்கும் இடம் துருப்பிடித்திருந்தால் காரைத் தூக்கவே வேண்டாம். நல்லதாக இருந்தாலும் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வாங்கி வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.

இரண்டு வேலைகளை நான் தொடுவதில்லை. டீசல் பம்பின் உள்வேலை ஒன்று, ஏசி காஸ் ஒன்று. இரண்டுக்கும் தனிக் கருவி வேண்டும்.

சாமான் வாங்குவது பற்றி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அநேகமாக எல்லாம் கிடைக்கும், ஆனால் நமக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். "240டி கதவுச் சாமான்" என்று போனில் சொன்னால் பிழையானது வரும். ஒருமுறை எனக்கு முன்கதவுப் பெட்டி வந்தது. பழைய சாமானைக் கழுவித் துடைத்து, அதில் அச்சடித்திருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். குழாய் போகும் பக்கமும் தெரிய இன்னொரு படம். பஸ்ஸில் பார்சல் போட்டால் அடுத்த நாள் காலையில் கைக்கு வந்துவிடும். வந்ததும் கதவில் பூட்டுவதற்கு முன் மேசையில் வைத்துச் சிரிஞ்சால் இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும்.