கடலோர மலைச்சாலையில் இருவர் போகும்போது

முதலில் திசையை முடிவு செய்யுங்கள். வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும் நாடென்றால், கடலும் இடப்பக்கம் வரும்படி கிளம்புங்கள். எதிரே வருபவரைக் குறுக்கிடாமல் ஓரமாக ஒதுங்கி நிறுத்தலாம். ஒரு சிக்கல்: கடல் முழுக்கப் பக்கத்து இருக்கைக்காரருக்கே. ஓட்டுபவருக்கு வளைவுகள்தான். முதல் நாள் முழுக்க நானே ஓட்டினேன். "ஐயோ, அங்க பாருங்களேன்!" என்று மனைவி சொன்னதெல்லாம் காதால் கேட்டதோடு சரி. இப்போது மணிக்கொரு முறை இடம் மாற்றிக்கொள்கிறோம்.

இறக்கத்தில் கியரைக் குறையுங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிப்பு தளரும். அப்புறம், நிறுத்தியதும் கதவைக் கையில் பிடித்தபடியே திறங்கள். காற்று பிடுங்கியதில் எங்கள் கதவின் கீல் வளைந்தே போனது. கண்ணாடியில் உப்புப் படிந்தால் வெறும் வைப்பர் போடாதீர்கள், வெள்ளைத் தீற்றல்தான் மிஞ்சும். நல்ல தண்ணீர் ஒரு பாட்டில் இதற்கென்றே இருக்கட்டும்.