நாகேஷ் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

போன மாதம் அக்கா பையன் மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வந்திருந்தான். "மாமா, நல்ல நாகேஷ் படம் ஒண்ணு சொல்லுங்க" என்றான். ஒன்று எப்படிப் போதும்? ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிக்கொண்டு வா என்றேன். நீங்களும் அப்படியே ஒதுக்குங்கள்.

போனில் வரும் துண்டுக் காமெடிகள் வேண்டாம், முழுப் படமாகப் பாருங்கள். முதல் வாரம் 'காதலிக்க நேரமில்லை' (1964). அப்பாவாக வரும் நடிகர் பாலையாவிடம் நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியை ஒருமுறை சிரித்து முடித்துவிட்டு, அப்புறம் டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு மறுபடி போடுங்கள். நாகேஷின் கையும் தோளும் கண்ணும் கதையை நடத்திக்கொண்டு போவது தெரியும். பாலையா முகத்தில் பயம் படிப்படியாக ஏறுவதும் தெரியும். அவர் இல்லாமல் அந்தக் காட்சி நிற்காது.

அடுத்த வாரம் அதே வருடம் வந்த 'சர்வர் சுந்தரம்'. நாகேஷ் தாராபுரத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர், நாடக மேடையில் தேறியவர், முகம் நிறைய அம்மைத் தழும்பு. அந்த முகத்தோடுதான் இதில் கதாநாயகன். குளோசப் வரும்போதெல்லாம் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

மூன்றாவது ஞாயிறு முழு நாளும் வேண்டும். காலையில் 'தில்லானா மோகனாம்பாள்', மாலையில் 'எதிர்நீச்சல்'. இரண்டும் 1968. பெரிய மனிதர்களுக்குக் குழைந்து அடுத்தவர் குடியைக் கெடுக்கும் வைத்தியும், மாடிப்படிக்கு அடியில் படுத்து எல்லார் வீட்டு எடுபிடி வேலையும் செய்து படிக்கும் மாதுவும் ஒரே ஆள்தானா என்று இருக்கும். இடைவெளி விட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

'திருவிளையாடல்' தருமியை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லாருக்கும் மனப்பாடம்தானே.

நான்காவது வாரம் 'நம்மவர்' (1994). மகளைப் பறிகொடுத்த அப்பாவாக வருகிறார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது இதற்குத்தான் கிடைத்தது. அன்றைக்கு வேறு படம் போடாதீர்கள்.

கடைசியில் அதே வருடத்து 'மகளிர் மட்டும்'. இதில் அவர் பிணம். பிணத்துக்கு ஏது வசனம்? அக்கா பையன் விழுந்து விழுந்து சிரித்தான். முடிந்ததும் எழுந்து போகவில்லை. "மாமா, பாலையா காட்சியை இன்னொரு தடவை சத்தமில்லாம போடுங்க" என்றான்.