போலி பென்டிரைவைக் கண்டறிவதும் அதில் சிக்கிய கோப்புகளை மீட்பதும்

திருமண வீடியோவையும் ஆலயத் திருவிழாப் படங்களையும் ஸ்டூடியோவிலிருந்து பென்டிரைவில் வாங்கிப் பீரோவில் வைக்கும் குடும்பங்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் பல உண்டு. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் விடுமுறைக்கு வந்து அதைத் திறக்கும்போது கோப்புகளின் பெயர்கள் அனைத்தும் வரிசையாகத் தெரிகின்றன. முதல் சில வீடியோக்கள் ஓடுகின்றன. பின்னர் ஒரு படம் மேற்பாதி மட்டும் தெரிந்து கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நிற்கிறது. அதற்கடுத்த எதுவும் திறப்பதில்லை. அந்தப் பாதிப் படம் நிற்கும் இடத்தில்தான் பென்டிரைவின் உண்மையான கொள்ளளவு முடிந்திருக்கக்கூடும்.

பென்டிரைவினுள் தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப்பும் அதை நிர்வகிக்கும் கண்ட்ரோலரும் இருக்கின்றன. கொள்ளளவு எவ்வளவு என்று கேட்கும் கணினிக்குப் பதில் சொல்வது கண்ட்ரோலர்தான். மோசடிக்காரர்கள் அதன் நிரலை மாற்றி, 8 ஜி.பி. சிப்பை 64 ஜி.பி. என்று சொல்லவைக்கிறார்கள். எட்டைத் தாண்டி எழுதப்படுபவை எங்கும் சேராமல் மறைந்துவிடும், அல்லது முன்பு எழுதியவற்றின் மீதே எழுதப்பட்டு அவற்றையும் அழித்துவிடும். கோப்புப் பட்டியல் பெரும்பாலும் தொடக்கப் பகுதியில் பதிவாவதால் பெயர்கள் மட்டும் தங்கிவிடுகின்றன. நகலெடுக்கும்போது பிழைச் செய்தியும் வருவதில்லை. ஆகவே கணினித் திரையில் தெரியும் கொள்ளளவை ஒருபோதும் சான்றாகக் கொள்ளக் கூடாது. அதே வேளையில், 64 ஜி.பி. பென்டிரைவை விண்டோஸ் 59 அல்லது 58 என்று காட்டுவது கணக்கிடும் முறையின் வேறுபாடுதான். அது மோசடி அல்ல. பிராண்ட் பெயர் இல்லாத பென்டிரைவ்கள் எல்லாமே போலி என்றும் சொல்லிவிட முடியாது.

உறுதியான சோதனை ஒன்றே உண்டு: முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளும், லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற மென்பொருளும் இதைச் செய்கின்றன. பென்டிரைவைக் காலி செய்த பிறகு, இருக்கும் இடம் முழுவதையும் சோதிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். விநாடிக்கு 5 எம்.பி. வேகத்தில் எழுதும் பென்டிரைவில் 64 ஜி.பி.யை நிரப்பவே மூன்றரை மணி நேரம் ஆகும் என்பதால், மின்சாரம் தடைபடாத நேரத்தில், முடிந்தால் மடிக்கணினியில், இரவில் ஓடவிடுவது நல்லது. முடிவில் எவ்வளவு சரியாக உள்ளது, எவ்வளவு இழக்கப்பட்டது என்பது தனித்தனியே தெரியும். இணையத்தில் வாங்கியிருந்தால், திருப்பி அனுப்புவதற்கான கெடு முடியும் முன்பே இச்சோதனையை முடித்துவிட வேண்டும்.

சில துணைத் தடயங்களும் உண்டு. சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. (சுமார் 2,000 ஜி.பி.) என்றால் தயங்காமல் விலகுங்கள். யு.எஸ்.பி. 3.0 என்று எழுதியிருந்தால் முனையினுள் ஒன்பது தொடர்புத் தகடுகள் இருக்க வேண்டும். நான்கு மட்டும் இருந்தால் அது 2.0. விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி. மாஸ் ஸ்டோரேஜ் என்ற பதிவின் விவரப் பகுதியில் தயாரிப்பாளர் எண் தெரியும்: சான்டிஸ்க் என்றால் 0781, கிங்ஸ்டன் என்றால் 0951. இந்த எண்ணையும் போலியாகப் பதிக்க முடியும். ஆனால் மேலே ஒரு பெயரும் உள்ளே வேறு எண்ணும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

எல்லாக் கோளாறும் மோசடியால் வருவதில்லை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் முனைத் தகடுகள் மங்கி, பென்டிரைவ் இடையிடையே காணாமல் போகலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் வேறொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள். ஒரே கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டியதால் ஏற்கவில்லை என்றால், பென்டிரைவில் கோப்புகளை அடுக்கும் பழைய முறையான ஃபேட்32 வடிவமே காரணம். தகவலை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் போதும்.

போலி என்று தெரிந்த பென்டிரைவில் முக்கியமான கோப்புகள் இருந்தால், சோதனை மென்பொருளை அதில் ஓட்டவே கூடாது. அது எழுதுவது எஞ்சியிருப்பதையும் அழித்துவிடும். ஃபார்மேட் செய்யவும் வேண்டாம். திறக்கும் கோப்புகளை முதலில் கணினிக்கு மாற்றுங்கள். பிறகு ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை முயன்று, கிடைப்பதை வேறு வட்டில் சேமியுங்கள். சிப்பில் இடமே இல்லாமல் போன பகுதியை எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது என்பதால், முழுவதையும் மீட்டுத் தருவதாகச் சொல்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்த ஸ்டூடியோவிடம் மூலக் கோப்புகள் இருக்கின்றனவா என்று உடனே கேளுங்கள். இடம் போதாமல் அவர்கள் அழித்துவிடக்கூடும்.

பணத்தைத் திரும்பப் பெற ரசீதும் உறையும் சோதனை முடிவைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும். இறக்குமதிப் பொருளின் உறையில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச விலையும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள். விற்றவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிக்கலாம்.