ஊருக்குப் போய்த் திரும்பும்வரை காருக்குள் எலி புகாமல் இருக்க

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கார் மூன்று நான்கு வாரம் அசையாமல் கிடக்கும். எலிக்கு அது போதும். பானட்டுக்குள் இருட்டு, மழை படாது, ஆள் தொந்தரவு இல்லை. முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும்; கைக்கெட்டும் தூரத்தில் வயர் இருக்கிறது.

புறப்படும் முன் வாசனையைப் போக்குங்கள். குழந்தை இருக்கையைக் கழற்றித் தூக்கினால் மடிப்பில் முறுக்குத் தூளும் பிஸ்கட் துண்டும் கிடக்கும். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறியை வைத்த பின்பெட்டியில் (boot), விரிப்புக்கு அடியில் வெங்காயத் தோல் ஒட்டியிருக்கும். வேக்கம் போட்டபின் ஈரத்துணியால் துடையுங்கள். டேஷ்போர்டு அறையில் கிடக்கும் டிஷ்யூ பாக்கெட்டுகளையும் மறக்காமல் எடுங்கள். எலி கூடு கட்டுவது அதை வைத்துத்தான்.

கார் நிறுத்துமிடத்தில் மேல்தளம் நல்லது. எலி மேலேயும் ஏறும். ஆனாலும் குப்பை மையத்துக்கும் சாக்கடைக்கும் அருகே நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

சுண்டெலி நுழைய 6 மி.மீ. இடைவெளி போதும். வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் வாய்க்கு, அதைவிடச் சிறிய கண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகு வலையை வெட்டிப் பொருத்துங்கள். பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிடும். சாதாரண எஃகு நார் நம் ஈரக்காற்றில் துருவாய் உதிரும். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயையும் புகைக்குழாயையும் அடைத்தால், ஸ்டியரிங்கில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டுங்கள். அடைப்பை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கடைசியாக, ஏர்கானை உட்காற்றுச் சுழற்சியில் வைத்துவிட்டு இன்ஜினை அணையுங்கள். வெளிக்காற்று வரும் வழி மூடிக்கொள்ளும்.

அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி கேபினில் தேங்கி ஆளுக்குத்தான் கெடுதல்; ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) குறைபாடுள்ள குழந்தைக்கு இரத்த அணுக்களே சிதையலாம். புதினா எண்ணெயின் வாசம் சில நாளில் போய்விடும். விஷம் வைத்தாலோ, எலி டேஷ்போர்டுக்குப் பின்னால் செத்து நாறும். ஏற்கெனவே கடிபட்ட வயரைச் சரிசெய்யும்போது, ஹோண்டா விற்கும் மிளகாய்க் காரமேற்றிய டேப்பை அதன்மேல் சுற்றலாம்.

திரும்பி வந்ததும் சாவியைத் திருகாதீர்கள். முதலில் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அரிசி அளவு எச்சம் என்றால் சுண்டெலி. உலர்திராட்சை அளவு என்றால் பெரிய எலி. எச்சத்தைக் காயவிட்டுக் கூட்டினால் கிருமி காற்றில் பறக்கும். கையுறை, முகக்கவசம் போட்டு, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறியபின் காகிதத்தால் வழித்தெடுங்கள். வயர் இணைப்புகளில் மட்டும் பிளீச் படக் கூடாது. மூத்திர வாடையை விட்டுவைத்தால் அடுத்த எலியும் அதே வழியில் வரும். கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதில் பஞ்சும் மயிரும் இருந்தால் புதியது போடும்வரை ஏர்கானைத் தொடாதீர்கள்.