எருமைத் தயிரில் கிரேக்கத்து சாட்சிகி

சாட்சிகி என்பது தயிரில் வெள்ளரிக்காயும் உள்ளியும் கலந்த கிரேக்கத்துத் தொடுகறி. அதற்கு வேண்டிய கிரேக்க யோகட் என்பது நீர் வடித்த தயிர்தான். மட்டக்களப்புச் சட்டித் தயிர் இருக்கும்போது அதைத் தேடி அலைய வேண்டாம். எருமைப்பாலில் கொழுப்புக் கூட என்பதால் வடித்ததும் நல்ல திரட்சியாக வரும். அரைச் சட்டித் தயிரைப் பருத்தித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, பிரிட்ஜுக்குள் நாலு மணித்தியாலம் விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் வெக்கைக்குப் புளித்துவிடும்.

வெள்ளரிக்காயில்தான் கவனம் வேண்டும். விதையை வழித்தெடுத்துத் துருவி, உப்புப் பிரட்டி, பத்து நிமிடம் கழித்துக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். இதைச் செய்யாவிட்டால் தயிர் மறுபடி தண்ணீராகிவிடும். அப்புறம் இடித்த உள்ளி ஒரு பல், கொஞ்சம் தேசிப்புளி, ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய், புதினா. கலந்தால் சரி. உள்ளியைக் கூட்டாதீர்கள், நேரம் போகப் போகக் காரம் ஏறும்.

ரொட்டிக்கும் பொரித்த மீனுக்கும் அருமை. வடிந்த தண்ணீரில் ரொட்டி மாவைக் குழைக்கலாம்.